சரஸ்வதி பூசையன்று பிறேக் இறுக்கிய கதை

மீன் லொறிக்கு மழையும் எதிரியில்லை, வெயிலும் எதிரியில்லை. அது சுமக்கிற மீன்தான் அதற்கு எதிரி. ஐஸ் கரையக் கரைய, உப்பும் இரத்தமும் கலந்த தண்ணீர் பெட்டிகளின் அடியால் வடிந்து, தட்டுப் பலகைகளின் இடுக்கால் இறங்கி, அச்சிலும் ஸ்பிறிங்கிலும் பிறேக்கிலும் சொட்டிக்கொண்டே வரும். மயிலிட்டியில் ஏற்றினால் கொழும்பில் இறக்கும் வரைக்கும் சொட்டும். வெங்காயம் ஏற்றுகிற லொறிக்கு எப்போதாவது ஒருமுறை அடித்தால் போதுமான கிறீஸ், மீன் லொறிக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் வேண்டும். இது நான் கண்டுபிடித்த இரகசியம் ஒன்றுமில்லை. மீன் லொறி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யமாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் செய்வேன். சாவகச்சேரியில் கண்டி வீதி ஓரமாக ஒரு கராஜ் இருக்கிறது. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் சுமையோடு அங்கே ஒதுக்கி, கிறீஸ் அடித்து, ஒயில் மட்டம் பார்த்து, ஆறு சில்லுக்கும் பிறேக் இறுக்கிக்கொண்டுதான் ஆனையிறவைத் தாண்டுவேன். மழை பெய்தாலும் சரி, மீன் முதலாளி தொலைபேசியில் குதித்தாலும் சரி. "அக்கா லொறிக்குக் கிறீஸ் அடிக்கிறாவோ, பிள்ளையாருக்கு எண்ணெய்க் காப்பு வைக்கிறாவோ?" என்று மற்றச் சாரதிகள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதிலும் பெண்ணொருத்தி லொறி ஓடினால் அந்த வாய் சும்மா இருக்குமா?

எங்கள் சொந்த லொறிதான் இது, முதலில் ஓடியவர் என் கணவர். என்னைவிட நல்ல சாரதி, அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். ஒருமுறை கொழும்புச் சந்தைக்கு நேரம் பிந்துகிறது என்று கராஜில் நிறுத்தாமலே போனார். வீட்டில் கற்பூரம் கொளுத்தினார். முன் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு வெளிக்கிட்டார். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சாமிக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. லொறிக்குச் செய்ய வேண்டியதை மட்டும் திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். வவுனியாவுக்கு அப்பால் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தார், பின் சில்லுகள் பிடிக்கவில்லை. லொறி மரத்தில் போய்த்தான் நின்றது. அவருடைய வலது கால் அதற்குள் நசிந்து போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். கண்ணூறு என்றார்கள். ஏழரைச் சனி என்றார்கள். ஒருவர் லொறியின் நிறத்தைக்கூடக் குற்றம் சொன்னார். கட்டிலில் படுத்திருந்த அவரும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாம் விதி" என்று முடித்துவைப்பார். லொறியை இழுத்துவந்து திருத்திய சாவகச்சேரி கராஜ்காரர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி, பின் பிறேக் ரெண்டும் தளர்ந்து கிடந்தது. ஒருக்கா இறுக்கியிருந்தால் நிண்டிருக்கும்" என்றார். அதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. கால் போன மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? ஆனால் அவர் ஒவ்வொரு தடவை விதி என்று சொல்லும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விதியாம் விதி. பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

பிறகு நான் பாரவாகனச் சாரதிப் பத்திரம் எடுத்தேன். அவர் ஊன்றுகோலோடு முற்றத்தில் நின்று பின்னுக்கு எடுக்கக் காட்டித் தந்தார். பழைய மீன் முதலாளியே எனக்கும் சுமை தந்தார். கிழமைக்கு இரண்டு பயணம் நிரந்தரமாகக் கிடைக்கிற வேலை குடாநாட்டில் எளிதில் கிடைக்காது. எங்கள் வீட்டு அடுப்பு அந்த மீனில்தான் எரிந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற நாளில் அந்த வேலைதான் ஊசலாடியது.

அது சரஸ்வதி பூசை நாள். எங்கள் பக்கத்தில் தொழில் செய்கிறவர்கள் அன்றைக்குத் தங்கள் ஆயுதங்களையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பரப்பிவிடுவார்கள். வைத்ததை அடுத்தநாள் விஜயதசமிக் காலையில்தான் எடுக்கலாம். இடையில் தொட்டால் வருடம் முழுக்கத் தொழில் விளங்காது என்பது நம்பிக்கை. என் கணவரும் அன்று காலையிலேயே லொறியின் சாமான் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாவகச்சேரியில் கராஜ் இருக்கிறதே என்ற தைரியம்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் பஞ்சாங்கம். எங்கள் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம். கராஜ்காரர் திருக்கணிதம். முந்தின வருடம் இரண்டும் முரண்பட்டு, எங்கள் வீட்டில் பூசை நடந்த நாளில் அவர் கராஜில் வேலை நடந்தது. எங்களுக்கு ஒருநாள், அவர்களுக்கு ஒருநாள் என்று நான் மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவருடைய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஊரில் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கிற அந்த இரண்டு பஞ்சாங்கமும் அந்த வருடம் பார்த்துச் சமாதானமாகிவிட்டன.

மயிலிட்டியில் மீன் ஏற்றிக்கொண்டு மத்தியானம் போலச் சாவகச்சேரிக்குப் போனால், கராஜ் வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. உள்ளே மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சின்னது முதல் பெரியது வரை ஸ்பனர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். லொறியைத் தூக்குகிற ஜக்குக்கு மாலை. காற்றடிக்கிற மெசினுக்கு மூன்று குறி விபூதி. கிறீஸ் அடிக்கிற துவக்கு, வாயில் ஒரு செவ்வரத்தம்பூவோடு சரஸ்வதியின் காலடியில் சாய்ந்திருந்தது. கராஜ்காரர் வேட்டி சால்வையோடு, குளித்து முழுகி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"வா தங்கச்சி, நல்ல நேரத்துக்குத்தான் வந்தாய். அவல் இருக்கு, கடலை இருக்கு, இரு."

"அண்ணை, எனக்கு அவல் வேண்டாம். பிறேக் இறுக்க வேணும்."

அவர் மேசையைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் வைச்சாச்சுப் பிள்ளை. நாளைக்குக் காலமை எடுக்கிறன். முதல் வேலை உன்ரை லொறிதான்."

"மீன் நாளைக்கு மட்டும் நிக்குமோ?"

"அப்ப இந்தமுறை சும்மா போ. போனமுறை நான்தானே இறுக்கி விட்டனான். ஒருக்கா விட்டால் ஒண்டும் ஆகாது."

அந்த 'ஒருக்கா' என்ற சொல் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு உச்சியில் ஏறும். எங்கள் வீட்டில் ஒரு கால் போனது அந்த ஒருக்காவில்தான்.

வேதக்காரர் ஒருவர் கொடிகாமப் பக்கம் கராஜ் வைத்திருப்பது ஞாபகம் வந்தது. மாதாவுக்கு ஏது ஆயுத பூசை என்று நினைத்து அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். "என்னட்டை வேலை செய்யிற பெடியள் எல்லாம் சைவம், தங்கச்சி. அவங்கள் வைச்சிட்டாங்கள். நான் முதலாளி எண்டாலும் இண்டைக்கு உந்த மேசைக்குக் கிட்டப் போகேலாது" என்றார். குடாநாடு முழுக்க ஸ்பனர்கள் பூவும் பொட்டுமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. என் லொறி மட்டும் வீதியோரத்தில் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது.

அதற்குள் மீன் முதலாளி தொலைபேசி எடுத்துவிட்டார். லொறி எங்கே நிற்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்மூரில் செய்தி போகிற வேகத்துக்கு எந்த லொறியும் ஓடாது.

"என்ன பிள்ளை, இன்னும் சாவகச்சேரியிலையோ நிக்கிறாய்?"

"பிறேக் இறுக்கிப்போட்டு வெளிக்கிடுறன், முதலாளி."

"பூசையண்டைக்கு ஆர் உனக்கு இறுக்குவினம்? விடியச் சந்தைக்கு மீன் போக வேணும். என்ரை மீன் ஏத்தின மற்ற லொறியள் ரெண்டும் பரந்தன் தாண்டியிட்டுது. அவங்கள் உப்பிடி ஒண்டும் இறுக்கிக்கொண்டு நிக்கேல்லை. ஒரு நாளைக்குக் கிறீஸ் அடிக்காட்டில் லொறி செத்தே போகும்?"

"லொறி சாகாது முதலாளி. அதுக்குள்ளை இருக்கிறது நான்."

"பயமெண்டால் வீட்டிலை இருக்க வேணும். இண்டைக்குப் பிந்தினால் இனி உனக்குச் சுமை இல்லை. சொல்லிப்போட்டன்."

பயம் என்று சொன்னால் நான் ரோசப்பட்டு லொறியை எடுத்துவிடுவேன் என்று நினைத்தார். ஆண் சாரதிகளிடம் அது பலிக்கும். ஓம், எனக்குப் பயம்தான். முப்பது நாளும் பயம்தான். பயப்படுகிறபடியால்தான் கிறீஸ் அடிக்கிறேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவருக்கு அதைச் சொல்ல முதல் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வைத்தவர் நேரே என் கணவருக்கு எடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு.

"இஞ்சார், முதலாளி எனக்குப் பேசுறார். அந்தாளைப் பகைச்சால் பிறகு ஆர் சுமை தருவினம்? பேசாமல் எடுத்துக்கொண்டு போ."

"பிறேக் இறுக்காமல் நான் போகமாட்டன்."

"பூசையிலை வைச்ச சாமான் மட்டும் தொடாதை. குடும்பத்துக்குக் கூடாது. நடக்கிறது எப்பிடியும் நடக்கும். எல்லாம் விதி…"

நான் வீதியோரத்தில் நின்றேன். பஸ் ஒன்று கோண் அடித்துக்கொண்டு போனது. கராஜ் வேலையாட்கள் அவல் தின்றபடி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை காலமும் கடித்துவைத்திருந்த பல் அந்த இடத்தில் விட்டுப்போயிற்று.

"விதியில்லை! பிறேக்! பின் சில்லு ரெண்டும் தளர்ந்து கிடந்தது. கராஜ் அண்ணை அண்டைக்கே எனக்குச் சொன்னவர். உங்கடை கால் விதியிலை போகேல்லை, இறுக்காமல் போனது!"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு மனம், இப்போதாவது சொன்னாயே என்று இன்னொரு மனம். நான் இரண்டாவது மனதின் பக்கம் நின்றேன். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன்.

நேரே கராஜுக்குள் போனேன். செருப்பைக் கழற்றினேன்.

"அண்ணை, இறுக்கியிருந்தால் நிண்டிருக்கும் எண்டு சொன்னது நீங்கள்தானே?"

"ஓம், சொன்னனான்."

"அப்ப இப்ப 'ஒருக்கா' எண்டு சொல்லுறதும் நீங்கள்தானே?"

நான் சரஸ்வதிக்கு முன்னால் போய்க் கைகூப்பினேன். எனக்குச் சாமியோடு ஒரு கோபமும் இல்லை. படித்த சாமி, எடுத்துச் சொன்னால் விளங்கும். 'அம்மா, உனக்கு முன்னால் வைத்திருப்பது வேலை செய்கிற சாமான். வேலை வந்து வாசலில் நிற்கிறது' என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு பிறேக்குக்குப் பிடிக்கிற ஸ்பனரை எடுத்தேன். கிறீஸ் துவக்கின் வாயிலிருந்த பூவை எடுத்துப் படத்தடியில் வைத்துவிட்டு அதையும் எடுத்தேன்.

"ஐயோ தங்கச்சி!" கராஜ்காரர் தலையில் கைவைத்தார். "வருசம் முழுக்க என்ரை தொழில்…"

"எடுத்தது நான். பாவம் என்ரை தலையிலை. நீங்கள் தொடேல்லை, உங்கடை பெடியளும் தொடேல்லை."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி வழிமறிக்கவும் இல்லை, வழிவிடவும் இல்லை. வாசலில் வாழைமரத்தோடு வாழைமரமாக நின்றார்.

சல்வாரின் மேல் கணவரின் பழைய சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, லொறிக்கடியில் புகுந்தேன். எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்த வேலைதான். ஸ்பனரை மாட்டி, பிறேக் கட்டை முட்டும் வரைக்கும் திருக வேண்டும், பிறகு கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். பார்க்கும்போது இலகுவாக இருந்தது. உப்புப் பிடித்த திருகு மசிய மறுத்தது. மீன் தண்ணீர் கழுத்துக்குள் சொட்டியது. ஐஸ் தண்ணீர், முதுகுத்தண்டு வரை போய்க் குளிர்ந்தது. நான் ஸ்பனரையும் திட்டினேன், மீனையும் திட்டினேன், இரண்டு பஞ்சாங்கக்காரரையும் திட்டினேன்.

கராஜ்காரரின் கைதான் பூசையில் இருந்தது, வாய் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்ட வந்து குந்தினார். "உப்பிடி இழுக்காதை, ஸ்பனர் வழுகும். உடம்பைக் குடுத்துத் தள்ளு." பிறகு, "காணும், காணும், தளர்த்து!" பிறகு, "அந்த உள்ளுக்கு இருக்கிற நிப்பிளுக்குக் கிறீஸ் விட்டனியோ?" ஒரு ஸ்பனரையும் தொடாமல், தூரத்தில் நின்று பட்டம் விடுகிறவர் மாதிரி அவர் முழு வேலையையும் என் கையால் செய்வித்தார். வெள்ளை வேட்டியில் சேறு பட்டதையும் கவனிக்கவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் கேட்டார்: "எப்பிடிக் கிடந்தது?"

"நல்லாத்தான் கிடந்தது. கொஞ்சம்தான் தளர்வு."

"பாத்தியே! உதுக்கே பூசையைக் குழப்பினனீ? இறுக்காமல் போயிருந்தாலும் ஒண்டும் நடந்திருக்காது."

"ஒண்டுமில்லை எண்டு இப்ப எனக்குத் தெரியும், அண்ணை. நீங்கள் சொல்லேக்கை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

இதைத்தான் யாருக்கும் விளங்கவைக்க முடிவதில்லை. இறுக்கின பிறேக்குக்கு அத்தாட்சி கிடையாது. நடக்காமல் போன விபத்தை யாரும் படம் எடுத்து மாட்டுவதில்லை. தேங்காய் உடைத்துவிட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பிள்ளையார் காப்பாற்றினார் என்பார்கள். கிறீஸ் அடித்துவிட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வீண்வேலை என்பார்கள். பிள்ளையாருக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. முறிகண்டியில் நானும் தேங்காய் உடைக்கிறவள்தான். ஆனால் பிறேக்கை இறுக்கிவிட்டு உடைக்கிறேன். பிள்ளையாருக்கும் அது வேலைக் குறைவு.

ஸ்பனரையும் கிறீஸ் துவக்கையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, புதிதாகச் சந்தனப் பொட்டு வைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். கராஜ்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தெளித்துவிட்டு, ஒரு பையில் அவலும் கடலையும் கட்டி லொறிக்குள் எறிந்தார். "வழியிலை சாப்பிடு" என்றதும் கோபமாகத்தான்.

ஆனையிறவுக்குக் கிட்ட வரும்போது என் கணவர் மறுபடி எடுத்தார். ஓரமாக நிறுத்தினேன். நான் பேசியதற்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்துகொண்டே காதில் வைத்தேன்.

"பின் சில்லு ரெண்டும் பாத்தனியோ?" என்றார்.

"பாத்தன்."

"உள்ளுக்கு இருக்கிறதும்?"

"அதுவும் பாத்தன்."

"ம். ஆறுதலாப் போ."

அவ்வளவுதான். விதி என்ற சொல் வரவில்லை. நான் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் சேர்ட் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லொறியை எடுத்தேன்.

மீன் சந்தைக்குப் பிந்தித்தான் போனது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தக் கிழமையே என் பயணங்களை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு மூன்று மாதம் நன்றாகக் கஷ்டப்பட்டோம். அது ஒன்றும் வீரக்கதை இல்லை, கடைக்காரருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வேறு ஒழுங்கையால் போன நாட்கள். "ஒரு நாள் விட்டுக்குடுத்திருக்கலாமே" என்று புத்தி சொல்ல வந்தவர்களுக்கு மட்டும் குறைவில்லை. விட்டுக்கொடுத்திருக்கலாம்தான். மாட்டேன் என்றுதான் அவர்களுக்கும் சொன்னேன். பிறகு வலிகாமத்து வெங்காயம் தம்புள்ளைக்கு ஏற்றுகிற வேலை கிடைத்தது. வெங்காயம் சொட்டாது. ஆனாலும் ஒவ்வொரு பயணமும் சாவகச்சேரியில் ஒதுக்குவேன். கராஜ்காரரின் தொழிலுக்கு அந்த வருடம் ஒரு குறையும் வரவில்லை. அதை அவர் வாயால் ஒப்புக்கொள்ளமாட்டார், நானும் கேட்காமல் விடமாட்டேன்.

அடுத்த சரஸ்வதி பூசைக்கு என் கணவர் வழமைபோலச் சாமான் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாமியறையில் அடுக்கினார். குறடு, சுத்தியல், சின்ன ஸ்பனர்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் ஏறின. பிறேக்குக்கு என்று நான் புதிதாக வாங்கியிருந்த ஸ்பனரையும் துடைத்தார். அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி முற்றத்தில் இறங்கி, லொறிக் கதவைத் திறந்து என் இருக்கைக்கடியில் வைத்தார். பூசைக்கு வந்திருந்த அவருடைய தமையன் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்ரா, உதை வைக்கேல்லையோ?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கதவைச் சாத்தி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"அதுக்கு லீவில்லை, அண்ணை" என்றார்.